பதினாலு இடம், மூணு நாள், பன்னிரண்டு சீட்



நீளமான பதிவு. காப்பி ஆறுவதற்குள் படித்து முடிக்க முடியாது. நேரம் இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த அரையாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் சென்னைப் பயணம் போடுகிறார்கள். திட்டம் போட்டவன் என் அக்கா மகன். எனக்கு மருமகன் முறை. ஏழாவதிலும் எட்டாவதிலும் என்னிடம் கணக்குப் படித்தவனும்கூட. பள்ளியில் சார், வீட்டில் மாமா. ஆகவே அவனைத் திட்டுவதற்கு எனக்கு இரண்டு உரிமை இருக்கிறது. இன்று இரண்டையும் பயன்படுத்தப் போகிறேன்.

குடும்ப குரூப்பில் அவன் அழகாக ஒரு அட்டவணை போட்டான். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளில் பதினாலு இடம். மியூசியம், கோட்டை, மெரினா, தலைவர்களின் நினைவிடங்கள், கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம் சர்ச், தி.நகர் ஷாப்பிங், இரண்டு மால், கிண்டி, வண்டலூர், ஒரு கேளிக்கைப் பூங்கா, மகாபலிபுரம், பெசன்ட் நகர் பீச். இதற்கு ஒரு டெம்போ டிராவலர். பன்னிரண்டு சீட். நானும் வீட்டம்மாவும் சேர்த்துப் பெரியவர்கள் ஏழு பேர், குழந்தைகள் ஐந்து பேர். கணக்குச் சரியாக இருக்கிறது.

என் அக்காவைத் தவிர.

"அம்மாவுக்கு முழங்கால் வலிங்க மாமா. நம்ம வேகத்துக்கு அவங்களால வர முடியாது. வண்டியிலயும் சீட்டு பன்னண்டுதான்" என்று எழுதியிருந்தான். நான் பதில் எழுதினேன். ஆறு கட்டைவிரல் வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கணக்கு வாத்தியாராகப் பேசுகிறேன்.

காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு வரை ஒரு நாளுக்கு 11 மணி நேரம். மூன்று நாளுக்கு 33. சாப்பாடு, டிபன், காப்பிக்கு நாளுக்கு 2 மணி நேரம் கழியுங்கள். மீதி 27. முதல் நாள் ஐந்து இடம், இரண்டாம் நாள் ஐந்து, மூன்றாம் நாள் நான்கு. ஒவ்வொரு நாளும் அறையிலிருந்து கிளம்பி மறுபடி அறைக்கு வர வேண்டும். அப்படியானால் வண்டி 6 + 6 + 5, ஆக 17 தடவை ஓட வேண்டும். சென்னை நெரிசலில் ஒரு ஓட்டத்துக்கு முக்கால் மணி என்று வைப்போம். மகாபலிபுரமும் வண்டலூரும் முக்கால் மணியில் முடியாது. சரி, மருமகனுக்குச் சலுகை கொடுப்போம். 17 முக்கால் மணி என்றால் 12 மணி 45 நிமிடம். மீதி 14 மணி 15 நிமிடம், அதாவது 855 நிமிடம். பதினாலால் வகுத்தால் ஓரிடத்துக்கு 61 நிமிடம். அதில் வண்டி நிறுத்த, டிக்கெட் எடுக்க, ஐந்து குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக, செருப்பு விட, செருப்பு தேட என்று 25 நிமிடம். மீதி 36. அதிலும் போட்டோ.

வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல். அதை 36 நிமிடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சிறுத்தை நம்மைத் துரத்த வேண்டும்.

இன்னொன்று. மருமகன் மியூசியத்தை வெள்ளிக்கிழமையில் போட்டிருக்கிறான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதேதான். கபாலீஸ்வரரை மதியம் இரண்டு மணிக்குப் பார்ப்பதாகத் திட்டம். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பது நம்மூர் மாரியம்மன் கோயில் வாசலில் விளையாடுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பதினாலு பெயரை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் என்றைக்குத் திறந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? பார்ப்பதற்காகப் போட்ட பட்டியல் அல்ல அது. போனோம் என்று சொல்வதற்காகப் போட்ட பட்டியல்.

என் சண்டையே இங்கேதான்.

நாம் குழந்தைகளை ஊருக்குக் கூட்டிப் போவதில்லை. நம் ஊர்ப் பயணத்துக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிறோம். எங்கே போவது என்று அவர்களைக் கேட்பதில்லை. போன இடத்தில் நிற்க விடுவதில்லை. "வா வா, நேரமாச்சு, அடுத்தது இருக்கு" என்று இழுத்துக்கொண்டே போகிறோம். அந்த "அடுத்தது" என்ற சொல்தான் குழந்தைகளுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல். எதைப் பார்த்தாலும் இதைவிட நல்லது அடுத்து இருக்கிறது என்று பழக்குகிறோம். அப்புறம் போனில் தள்ளிக்கொண்டே இருக்கிறான், ஒன்றையும் முழுதாகப் பார்ப்பதில்லை என்று அவனையே திட்டுகிறோம். தள்ளிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்தத் தப்பை முதலில் செய்தவன் நான்.

1993. நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனோம். 42 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஒரே நாளில் ஒன்பது இடம். அந்தப் பட்டியலைப் போட்டவன் நானேதான். அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு. காலையில் இறங்கியதிலிருந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. ஒன்பதாவது இடம் மெரினா. பொழுது சாய்கிற நேரம். பஸ்ஸில் ஏற்றி எண்ணினேன். நாற்பத்தொன்று.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். கடல் பக்கம் பார்க்கவே எனக்குக் கால் நடுங்கியது. அலைக்குப் பக்கத்தில் ஓடினோம், கடைகளுக்கு நடுவில் ஓடினோம், போலீஸ்காரரிடம் போனோம். கடைசியில் அவன் எங்கே இருந்தான்? நாங்கள் முதலில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், ஒரு சுண்டல்காரப் பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் எங்கும் போகவில்லை. ஓடினது நாங்கள்தான்.

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

அழுதுகொண்டே சொன்னான்: "காணாமப் போனா நின்ன எடத்துலயே நிக்கோணும்னு நீங்கதானுங்க சார் பஸ்ஸுல சொன்னீங்க."

அது வரைக்கும் என்னடா செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். "தூரத்துல ஒரு கப்பலுங்க சார். நகுருதா, நின்னுட்டிருக்குதான்னு பாத்துட்டிருந்தனுங்க."

செல்வங்களே, நான் கணக்கு வாத்தியார். தூரத்தில் இருக்கிற ஒரு பொருள் நகர்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மணலில் ஒரு குச்சியை நட்டு, அதன் பின்னால் ஆடாமல் நின்று, குச்சியோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒப்புமை இயக்கம் என்று பிற்பாடு பாடத்தில் வருகிறதே, அதுதான். வருடம் முழுக்கக் கரும்பலகையில் நான் எழுதியும் வராத ஒரு கேள்வி, ஒரு ஏழாவது படிக்கிற பையனுக்குத் தானாக வந்தது. அதற்கு நான் கொடுத்த விடை ஒரு அறை. ஏனென்றால் எனக்கு நேரமாகிவிட்டது. திருச்சி ரோட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

அந்த மாணவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ எத்தனையோ முறை வீட்டுக்கு வந்திருக்கிறாய், வணக்கம் வைத்திருக்கிறாய், நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அன்றைக்குத் தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

இனி, மருமகன் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வாத்தியார் ஓரவஞ்சனை செய்கிறார் என்பீர்கள்.

"எங்களுக்கு லீவ் மூணு நாள்தாங்க மாமா. நீங்க ரிட்டயர்டு." சரிதான். எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு லீவின் அருமை எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். எல்.எம்.டபிள்யூ. சங்கு ஊதும் ஊரில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் காசு குறைவாக இருக்கிறவன் கடைக்குப் போனால் என்ன செய்வான்? பதினாலு சாமான் வாங்குவானா, வேண்டியது நாலு வாங்குவானா? நாள் குறைவு என்பது இடத்தைக் குறைப்பதற்குத்தான் காரணம்.

"மியூசியத்துல பசங்களுக்குப் போர் அடிக்கும்." ஓடவிட்டால் அடிக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. கொல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பழையது. அதை முழுவதும் காட்ட நினைத்தால் எனக்கே போர் அடிக்கும். இரண்டே இரண்டு காட்டுங்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று, சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் ஒன்று. எலும்புக்கூட்டுக்கு அடியில் குழந்தையை நிற்க வைத்து, "இதன் கை எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மீனுக்கு ஏது கை என்று கேட்கும். துடுப்புக்குள் விரல் எலும்பு இருப்பதைத் தானே பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அந்தப் பிள்ளைக்குத் திமிங்கலம் மீன் இல்லை என்று அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

"மால்ல ஏசி இருக்கு, சுத்தமான பாத்ரூம் இருக்கு." இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு மதிய வெயிலில் அலைகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள், முகம் கழுவுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதைச் சென்னை என்று குழந்தைக்குக் காட்டாதீர்கள். அவிநாசி ரோட்டில் இருக்கிற அதே கடை, சரவணம்பட்டியில் இருக்கிற அதே ஓடும் படிக்கட்டு. அதைப் பார்க்க ஐந்நூறு கிலோமீட்டர் எதற்கு? கோவையில் கிடைக்காதது எது என்று முதலில் கேளுங்கள். கடல். மின்சார ரயில். தரைக்கு அடியில் ஓடும் மெட்ரோ. ஒன்பது மாடி நூலகம். வேறு மாதிரி பேசுகிற மனிதர்கள். இவ்வளவுதான் பட்டியல்.

இதோடு ஒரு கொசுறுச் சண்டை. கோவையில் இருப்பதையே எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்கள்? 1902இலிருந்து காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளை வைத்திருக்கிற கூடம் அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டு வரலாம். பக்கத்தில் இருப்பதால் அதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

போன ஞாயிறு குழந்தைகளை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "சென்னையில் உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும், ஒன்றே ஒன்று எழுதுங்கள்" என்றேன். ஐந்து காகிதத்தில் வந்தது இது:

கடல் நிஜமாகவே உப்புக் கரிக்குமா என்று நக்கிப் பார்க்க வேண்டும்.

திமிங்கல எலும்பு. (இது என் பேத்தி. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறாள்.)

பாம்புக்குச் சாப்பாடு போடுவதைப் பார்க்க வேண்டும்.

மெட்ரோ ரயிலில் முதல் பெட்டியில் நிற்க வேண்டும்.

ஓட்டல் பாத்ரூமில் தொட்டி இருக்குமா?

ஐந்தும் சேர்த்து இரண்டு நாளில் முடிந்துவிடும். கடைசிக் கோரிக்கைக்கு டிக்கெட்டே வேண்டாம். மால் என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை. மால் வேண்டும் என்பது யாருடைய ஆசை என்று பெரியவர்கள் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பேத்தி காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாள்: "அப்புச்சி, பெரிய ஆத்தா எதுவும் எழுதலையா?"

பெரிய ஆத்தா என்பது என் அக்கா. எழுபத்திரண்டு வயது. காரமடை தாண்டி இருக்கிற தோட்டத்தில் இன்றும் விடியக்காலை நாலரைக்கு எழுந்து எருமைக்குத் தண்ணி காட்டுகிறவள். அப்பா போன பிறகு, நான் டீச்சர் டிரெய்னிங் படிப்பதற்காகத் தன் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். நான் சம்பளம் வாங்கின ஊரெல்லாம் பார்த்துவிட்டேன். அவள் பார்த்தது பழனி, மருதமலை, மேட்டுப்பாளையம் பத்ரகாளியம்மன். அறுபது வயதில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய் வந்தாள். அந்தக் காலுக்குத்தான் இன்றைக்கு "வேகம் பத்தாது" என்று அவள் பெற்ற பிள்ளை எழுதுகிறான்.

அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

நான் போய்க் கேட்டேன். "நா எதுக்குடா, இடைஞ்சலா. சின்னஞ்சிறுசுக போய்ட்டு வரட்டும். எருமைய யாரு பாப்பா?" என்றாள். பெரியவர்கள் "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, மருமகனே. இன்னொரு தரம் கேள் என்று அர்த்தம். நம் ஊரில் விருந்தாளிக்கு ஒரு தரம் கேட்டுவிட்டா சோற்றுப் பானையை மூடுகிறோம்?

பெரியவர்கள் வந்தால் பயணம் மெதுவாகும். ஆகட்டும். முழங்கால் வலிக்கிற பாட்டியும் ஏழு வயதுப் பிள்ளையும் நடக்கிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அடிக்கடி உட்கார வேண்டும், அடிக்கடி தண்ணீர் வேண்டும், மதியம் தூங்க வேண்டும், வழியில் ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் நிற்க வேண்டும். பாட்டிக்கு ஏற்றபடி திட்டம் போட்டால் அது தானாகவே குழந்தைகளுக்கு ஏற்ற திட்டம் ஆகிவிடும். நடுவில் இருக்கிற முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்குத்தான் அவசரம். உங்கள் அவசரத்துக்குப் பெயர் வேகம் என்றால், அந்த வேகத்தில் கீழே விழுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்கள். இன்னொருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

"வண்டியில் சீட் இல்லை" என்றான். வண்டியே வேண்டாம் என்கிறேன் நான்.

குறை மட்டும் சொல்லக்கூடாது என்பதால் என் திட்டத்தையும் வைக்கிறேன். பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை லீவ் போடுவதற்குப் பதில் திங்கள் போடுங்கள். கணக்கு அதே ஒரு நாள்தான். வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி நம் ஊர் வழியாகவே போகிற ரயில். சிறு வயதில் அதன் விளக்கைப் பார்த்துக் கை காட்டாதவர் இந்தப் பக்கத்தில் யார்? கோவையில் ஏறினால் தூங்கி எழும்போது சென்னை சென்ட்ரல். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் தொடங்கும். 2024 நவம்பருக்கு முன்பு போல 120 நாள் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பெரியவர்களுக்கான சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது, இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் அக்காவுக்கும் முழு டிக்கெட்டே. அந்தப் பணம் என்னுடையது. கீழ்ப் படுக்கை அவளுடையது.

சனிக்கிழமை: எழும்பூர்ப் பக்கம் அறை. குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம். திமிங்கலமும் வெண்கலமும் மட்டும். மதியம் தூக்கம். இது பெரியவர்களுக்கும் கட்டாயம். நாலு மணிக்கு மேல் மெரினா.

மெரினாவில் அக்கா மணலில் எப்படி நடப்பாள் என்று கேட்பீர்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரில், மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடலுக்குப் பக்கம் வரை போவதற்காக மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது. திறந்த சில நாளில் புயலில் சேதமாகி, சரி செய்தார்கள். சக்கர நாற்காலியே போகும்போது என் அக்கா கால் போகாதா? அந்த விவேகானந்தர் இல்லத்துக்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1840களில் அமெரிக்காவில் ஏரியில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து வைத்திருந்த கட்டடம். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் அது எப்படி உருகாமல் வந்தது என்று குழந்தைகளைக் கேளுங்கள். விடை சொல்லாதீர்கள். ராத்திரி வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. மெரினாவில் அலையில் கால் நனைப்பதோடு சரி. குளிக்கத் தடை இருக்கிறது. அந்தக் கடல் காலுக்கு அடியில் இழுக்கும். பவானி ஆற்றில் நீந்தினவன் என்ற வீரமெல்லாம் அங்கே செல்லாது.

ஞாயிறு: வண்டலூர். மின்சார ரயிலில் போங்கள். கடற்கரை தாம்பரம் பாதையில் 1931இலேயே ஓடத் தொடங்கிய ரயில் அது. இன்றைக்கும் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். காலையில் முதல் ஆளாக உள்ளே போனால் மிருகங்களும் விழித்திருக்கும், நாமும் விழித்திருப்போம். அக்காவுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது. மத்தியானம் திரும்பிவிட வேண்டும். மாலையில் மெட்ரோவில் முதல் பெட்டி.

திங்கள்: கிண்டியில் பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும். பாம்புப் பண்ணை 1972இலிருந்து இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், கிண்டிக்கும் வண்டலூருக்கும் அன்றுதான் வார விடுமுறை. விடுமுறைக் காலத்தில் சில சமயம் மாற்றுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். பிற்பகல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது. குழந்தைகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு. உள்ளே போகக் காசு இல்லை. தரையில் உட்கார்ந்து படிக்கலாம். ராத்திரி ரயில்.

மகாபலிபுரத்தை அடித்துவிட்டேன். அது ஒரு நாள் முழுக்கக் கேட்கிற ஊர். அதற்கென்று இன்னொரு தடவை போகலாம். எல்லாவற்றையும் இந்தத் தடவையே பார்த்தாக வேண்டும் என்று யார் சொன்னது? குழந்தைகளுக்கு வயது இருக்கிறது.

நூலகத்தைச் சேர்த்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நம் ஊர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். அவர் இங்கிருந்து சென்னைக்குப் போனார். பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கலைக்களஞ்சியம் வந்தது, 1954 முதல் 1968 வரை. அதற்கு அவர் முதன்மை ஆசிரியர். அது முடிந்ததும் ஓய்ந்துவிடவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி. பிள்ளை கேட்கிற கேள்விக்குத் தமிழில் பதில் இருக்க வேண்டும் என்று நம் பெரியநாயக்கன்பாளையத்து வாத்தியார் ஒருவர் தன் ஆயுளில் பாதியைச் சென்னையில் செலவழித்தார். நாம் அதே சென்னைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "கேள்வி கேட்காதே, வண்டியில் ஏறு" என்கிறோம்.

பாதுகாப்புக்கு நாலு வரி. என் அனுபவம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இரண்டு போன் நம்பர் எழுதிய அட்டை. காணாமல் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, கடைசியாகப் பார்த்த இடத்துக்கு முதலில் திரும்பிப் போக வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். ரயிலில் 139. காணும் பொங்கல் அன்று மெரினா பக்கமே போக வேண்டாம். அன்றைக்குப் பிள்ளைகள் கையில் போலீஸாரே போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி அனுப்புகிறார்கள் என்றால் கூட்டத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக மருமகனுக்கு.

இப்போது வாத்தியாராகப் பேசவில்லை, தாய்மாமனாகப் பேசுகிறேன். உன் காதுகுத்துக்கு என் மடியில் உட்கார்ந்துதான் அழுதாய். நீ நல்லவன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருகிறாய், மழை பெய்தால் போய்ப் பார்க்கிறாய். இதில் உன்னிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பட்டியலைப் பார்த்தாய், சீட்டை எண்ணினாய். 1993இல் நானும் அதையேதான் செய்தேன். நாற்பத்திரண்டு என்று எண்ணத் தெரிந்த எனக்கு, அதில் ஒருவன் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று பார்க்கத் தெரியவில்லை. நீ பன்னிரண்டு வரைக்கும் எண்ணி நிறுத்திவிட்டாய். பதின்மூன்றாவது ஆள் உன் அம்மா.

எருமையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்று நாள் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவை நான் கூப்பிட்டால் வர மாட்டாள். நீ கூப்பிட வேண்டும். குரூப்பில் அல்ல. நேரில் போய், இரண்டாவது தரமும் கேட்டு. அவள் வரவில்லை என்றால் நானும் உன் அத்தையும் வரவில்லை. உனக்கு இரண்டு சீட் மிச்சமாகும். அதில் ஷாப்பிங் பைகளை வைத்துக்கொள்.

சென்னையில் இருக்கும் என் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். எழும்பூர்ப் பக்கம் தரைத் தளத்தில் அறை, மேலைநாட்டுக் கழிப்பறை, பக்கத்திலேயே நல்ல இட்லி கிடைக்கிற இடம், பதின்மூன்று பேருக்குத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். குளியல் தொட்டி இருந்தால் ஒரு பேரன் உங்களை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

கப்பல் பார்த்த தம்பிக்கு: இந்தத் தடவை நான் ஒரு குச்சி எடுத்துக்கொண்டு போகிறேன். உனக்கும் அந்த வாரம் லீவ் கிடைத்தால், உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை மாலை மெரினாவுக்கு வா. விட்ட பாடத்தை நடத்தி முடித்துவிடலாம்.

நிறை குறை இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார் (ஓய்வு),
பெரியநாயக்கன்பாளையம்.